இராகேலின் அருகில் அமர்ந்திருப்போம்

(மாசில்லாக் குழந்தைகள் திருவிழா நாளில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று நாள் ஆகிறது. குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. பசுமலையைச் சுற்றியுள்ள வீடுகளிலும் ஆலயங்களிலும் வைத்திருக்கும் குடில் சுரூபங்களில் பல, பக்கத்து விளாச்சேரியில் செய்தவை. நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்கிற அதே கைகள்தாம் நமக்கு மரியாவையும் சூசையையும் மாட்டையும் கழுதையையும் குழந்தை இயேசுவையும் செய்து தருகின்றன. அந்தக் குழந்தையைப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடித்து வருவார்கள். பெரியவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரு சிலர் மட்டும் வெகு நேரம் அங்கேயே நிற்பார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட எதுவும் இந்த மறையுரையில் இல்லை. அது எந்த அருள்பணியாளர் வாயிலிருந்தும் வராது, வரவும் கூடாது. இந்தத் தாய் எங்களிடம் நேரில் வந்து பேசியவர். "என்னை மாதிரி இன்னொருத்தி கேட்டா அவளுக்கு உதவும் சாமி, சொல்லுங்க" என்று அவரே சொன்னார். அடையாளங்களை மாற்றியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே டிசம்பர் 28ஆம் நாள் காலைத் திருப்பலியில் மறையுரை ஆற்றினோம். ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்ற நற்செய்திப் பகுதி. ஆண்டுதோறும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னோம்: அன்றைய ஏரோது வாளோடு தெருவில் வந்தான், இன்றைய ஏரோதுகள் கருவறைக்குள்ளேயே வாளை வீசுகிறார்கள் என்று. குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கைப்பிள்ளை எதுவும் வெளியே அழுகிறதோ என்று நினைத்துக்கொண்டோம். மறையுரையை நிறுத்தவில்லை.

மூன்று அரசர் திருவிழாவுக்குப் பிறகு குடிலைக் கலைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். சுரூபங்களைத் துணியில் சுற்ற உதவி செய்தார். குழந்தை இயேசுவின் முறை வந்ததும் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சாமி, ஏரோதுன்னு சொன்னீங்களே, அது நானா?"

எங்களுக்குப் பதில் வரவில்லை.

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவது கரு உண்டானபோது வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படிக் குற்றம். ஆனாலும் ஒரு ஸ்கேன் எடுத்த இடத்தில் ஜாடையில் சொல்லிவிட்டார்கள். "மூணாவதும் பொட்டப் பிள்ளையா? யாரு கட்டிக் குடுக்குறது?" என்றார் மாமியார். கணவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அழைத்துப் போனார்கள். திரும்பி வந்த அன்று மாலையே மூத்தவளுக்குத் தலைபின்னிவிட்டு அடுப்படிக்குப் போனார். பதினோரு ஆண்டுகள் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் நம் வழக்கம் தெரியும். கல்லறைக்கு வெள்ளையடிப்போம், பூ வைப்போம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அந்தத் தாய் மாமனார் கல்லறையில் ஏற்றிவிட்டு, ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவர் ஓரம் போவாராம். "அது யாருக்கும்மா?" என்று மகள் கேட்டால், "நினைப்பாரற்ற ஆன்மாக்களுக்கு" என்பாராம். நம் செபங்களில் அன்றாடம் சொல்கிற வார்த்தை. அந்த வார்த்தைக்குள் ஒரு தாய் தன் பிள்ளையை ஒளித்து வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

சகோதர சகோதரிகளே, மதுரை மண்ணுக்கு இந்தத் துயரம் புதிதல்ல. 1986இல் ஓர் ஆங்கில இதழ் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலையை நாடறிய வெளியிட்டது. 1992இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் வந்தது. கள்ளிப்பாலுக்குப் பதில் ஸ்கேன் கருவி வந்த கதையும் நமக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதினோம், மேடையில் பேசினோம், பேரணி போனோம். அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியது சரிதான். ஆனால் அந்த வீடுகளில் பெற்ற வயிற்றோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் யார் போய்ப் பேசினோம்? அவளைக் குற்றவாளி என்றோம், அல்லது பாவம் என்றோம். இரண்டையும் தூரத்திலிருந்தே சொன்னோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக 2018இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. இதன் பொருள் என்ன? மருந்துக்கடையில் வாங்கி வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, வலியை வாய்விட்டுச் சொல்லாமல் தாங்கி, மறுநாள் வேலைக்குப் போகிறாள். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, அம்மாவும் இல்லை. ஆறுதல் ஒருபுறம் இருக்கட்டும், இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும் காய்ச்சல் வந்தாலும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு உயிரையே இழக்கிற ஆபத்து உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் எந்தப் பெண்ணுக்காவது அந்த நிலை என்றால், வெட்கத்தைப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மறையுரையை அப்புறம் கேட்கலாம்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். குழந்தைகள் கொல்லப்பட்டதைச் சொன்ன மத்தேயு, எரேமியா 31ஆம் அதிகாரத்து 15ஆம் வசனத்தை எடுத்துக் காட்டுகிறார். இராமாவில் அழுகைக் குரல் கேட்கிறது. இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். யாருடைய ஆறுதலையும் அவள் ஏற்கவில்லை.

யார் இந்த இராகேல்? யாக்கோபின் மனைவி. எப்ராத்துக்குப் போகும் வழியில் பெஞ்சமினைப் பெற்றெடுக்கும்போதே இறந்துபோனவள். பிள்ளைப்பேறும் சாவும் அவள் வாழ்வில் ஒரே நாளில் வந்தன. பல நூற்றாண்டுகள் கழித்துப் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் சங்கிலியோடு இராமா வழியே போனபோது, அந்தப் பழைய தாய் கல்லறைக்குள்ளிருந்து அழுவதாக எரேமியா கேட்கிறார்.

எரேமியாவில் அடுத்த இரண்டு வசனங்களில் ஆண்டவர் அவளைத் தேற்றுகிறார். அழுகையை நிறுத்து, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள், உன் வருங்காலத்துக்கு நம்பிக்கை உண்டு என்கிறார். மத்தேயுவுக்கு அது தெரியாதா? மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். இருந்தும் 15ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். அறிஞர்கள் இதற்குப் பல விளக்கம் தரலாம். எங்களுக்குப் பட்டது இது: பிள்ளையை இழந்து அழுகிறவளிடம் 16ஆம் வசனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. முதலில் 15ஆம் வசனத்தில் அவளோடு உட்கார வேண்டும்.

நாம் எல்லோரும் 16ஆம் வசனக்காரர்கள். "விடும்மா, அடுத்தது பையனாப் பொறக்கும்." "ரெண்டு இருக்குல்ல, அதுகள நல்லா வள." "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, இன்னும் என்ன அழுக?" ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயை அடைக்கிறோம். இன்னொரு கூட்டம் 15ஆம் வசனத்துக்கே வராமல் விசாரணையில் இறங்கிவிடும். எத்தனை மாதம்? யார் சொல்லிச் செய்தாய்? உனக்கு எங்கே போயிற்று புத்தி? அந்தக் கேள்விகளை அவள் தன்னிடமே ஆயிரம் இரவு கேட்டுவிட்டாள். நாம் கேட்டுப் புதிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

அமெரிக்காவின் மில்வாக்கி உயர்மறைமாவட்டத்தில் 1984இல் விக்கி தோர்ன் என்ற பெண்மணி இந்தத் தாய்மார்களுக்காகவே ஒரு பணியைத் தொடங்கினார். பள்ளிக்காலத் தோழி ஒருத்தி பட்ட வேதனையை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அதற்கு இராகேல் திட்டம் என்று பெயர் வைத்தார். அருள்பணியாளர்களுக்கும் ஆற்றுப்படுத்துநர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அழைக்கிறவர்களுக்கு ஒருவருக்கொருவர் என்ற முறையில் துணை நிற்கும் பணி அது. பிற்காலத்தில் பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஊருக்கு அத்தனை பெரிய அமைப்பு வந்தால்தான் ஆயிற்று என்றில்லை. ஒவ்வோர் அன்பியத்திலும் வாயைக் கட்டத் தெரிந்த இரண்டு பெண்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. (கிடைப்பது கடினம் என்று சிரிக்கிறீர்கள். ஆண்களிலும் கிடைப்பது கடினம்தான்.)

ஒரு நேர்மையான வார்த்தையும் சொல்ல வேண்டும். கருக்கலைத்த பெண்கள் எல்லோரும் மனநோயில் விழுவார்கள் என்று சில மேடைகளில் சொல்கிறோம். நாங்களும் சொல்லியிருக்கிறோம். அது உண்மையல்ல. 2011இல் இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விரும்பாத கர்ப்பத்தைப் பொறுத்தவரை, கலைத்தவர்களுக்கும் பெற்றெடுத்தவர்களுக்கும் மனநலச் சிக்கல் வரும் அளவு ஏறக்குறைய ஒன்றே என்றது. அதே அறிக்கை, ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்தவர்களும், பிறரால் கட்டாயப்படுத்தப்பட்டவர்களும் கூடுதலாகத் துன்பப்படக்கூடும் என்றும் கண்டது. திருஅவையின் போதனை நிற்பதற்குப் பொய்யான பயமுறுத்தல் தேவையில்லை. கருவில் இருப்பது மனித உயிர், அதை அழிப்பது பெரும் தீமை. அதைச் சொல்ல நாங்கள் தயங்கவில்லை. ஆனால் துன்பப்படும் ஒருத்தியைத் தேடிப் போக, எல்லோரும் துன்பப்படுகிறார்கள் என்ற கணக்கு எதற்கு? தொண்ணூற்றொன்பது ஆடுகள் பத்திரமாக இருந்தபோதுதான் மேய்ப்பர் ஒன்றைத் தேடிப் போனார்.

கட்டாயம் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்போம். 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே கணக்கு. கணவர் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ அங்கே செல்லாது. பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் கருவைக் கலைத்தால் ஆயுள் தண்டனை வரை உண்டு. சட்டம் இப்படி இருக்க, நம் வீடுகளில் ஒப்புதல் எப்படி வாங்கப்படுகிறது? சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்து வாங்கப்படுகிறது. "உங்க அப்பன் வீட்டுக்குப் போ" என்று வாங்கப்படுகிறது. கணவரின் மௌனத்தால் வாங்கப்படுகிறது. கையெழுத்து அவளுடையது, முடிவு வேறு யாருடையதோ. பிறகு பாவம் மட்டும் அவள் ஒருத்தி தலையில் விழுகிறது. ஒப்புரவுக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள்தாம். முடிவெடுத்த ஆண்களும், பக்கத்தில் நின்று தலையாட்டிய பெரியவர்களும் வரிசையில் கண்ணில் படுவதில்லை. யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான், பெண்ணை மட்டும்தான் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆனாலும் ஆண்களை விட்டுவிட மாட்டோம். அந்தத் தாயின் கணவர் ஒரு நாள் இரவு பங்கு இல்லத்துக்கு வந்தார். வந்த காரணத்தைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். மழை, பஸ் கட்டணம், மகளின் பிளஸ் டூ மதிப்பெண் எல்லாம் பேசி முடித்த பிறகு, "அன்னிக்கு நான் ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம் சாமி" என்றார். ஆண்களின் துக்கம் சாராயமாகவும் கோபமாகவும் வெளியே வருகிறது. அதுவும் துக்கம்தான் என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

இன்னும் சிலரையும் நாம் மறந்துவிடக் கூடாது. குழந்தைக்குப் பெரிய குறை இருக்கிறது, பிழைக்காது என்று ஸ்கேனில் சொல்லக் கேட்டுக் கலங்கி முடிவெடுத்த தம்பதியர் இருக்கிறார்கள். ஆசைப்பட்டுக் காத்திருந்த பிள்ளை அது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக மனத்தில் சுமக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். இப்போது பேரப்பிள்ளையைத் தூக்கும்போது கை நடுங்குகிறது என்பார்கள்.

திருஅவை இவர்களுக்கு என்ன சொல்கிறது? புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் வெளியிட்ட வாழ்வின் நற்செய்தி மடலில், 99ஆம் பத்தியில், கருக்கலைத்த பெண்களிடம் நேராகவே பேசுகிறார். உங்களை எத்தனையோ காரணங்கள் நெருக்கியிருக்கும், பலருக்கு அது வேதனையான முடிவாக இருந்திருக்கும் என்று ஏற்றுக்கொள்கிறார். நடந்தது தீமை என்பதை மறைக்காமலேயே, நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிறார். பிறருக்கு வாழ்வைப் பற்றி எடுத்துச் சொல்லத் தகுந்தவர்கள் நீங்களே என்ற பொருளிலும் எழுதுகிறார்.

கருக்கலைப்புக்குத் திருஅவையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கும் தண்டனை உண்டு என்பது உண்மை. ஆனால் 18 வயது நிறையாதவர், கடும் அச்சத்தால் தள்ளப்பட்டவர், இப்படி ஒரு தண்டனை இருப்பதையே தன் தவறின்றி அறியாதவர் ஆகியோர் மேல் அது தானாக விழுவதில்லை. "எனக்கு மன்னிப்பே கிடையாது, ஆயர்தான் கொடுக்கணுமாம்" என்று ஒதுங்கியே வாழ்ந்தவர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இரக்கத்தின் யூபிலி ஆண்டில் எல்லா அருள்பணியாளர்களுக்கும் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் தந்தார். யூபிலி முடிந்த 2016ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் கையெழுத்திட்ட மடலில் அதை நிரந்தரமாக்கினார். ஆகவே உங்கள் பங்குத்தந்தையிடமே போகலாம். அவரிடம் போகக் கூச்சமா? பக்கத்துப் பங்குக்குப் போங்கள். பஸ் ஏறிப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது நம் ஊரில் பழைய பழக்கம்தான்.

பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இந்தக் கேள்விதான் மிகவும் கடினம். திருமுழுக்கு இல்லாமல் போன குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது நம் மறைக்கல்வி. அவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் இருப்பதாக 2007இல் பன்னாட்டு இறையியல் குழுவும் எழுதியது. இதைச் சொன்னபோது அந்தத் தாய் கேட்ட அடுத்த கேள்வி: "அப்ப நான் அதுக்குப் பேர் வைக்கலாமா?"

வைக்கலாம். வைத்தார். அது எங்களுக்குத் தெரியும், உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுவோம். குற்றவுணர்வு வேறு, துக்கம் வேறு. பாவமன்னிப்பு ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். துக்கம் ஆற நாள் பிடிக்கும். மன்னிப்புப் பெற்ற பிறகும் அழுகிறாள் என்றால் அவளுக்கு விசுவாசம் குறைவு என்று பொருளல்ல. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளை அழும் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அந்தத் தேதி வந்தால் படுத்துவிடுகிறாள் என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காற்று கருப்பு என்று எங்கும் கொண்டுபோய் அடித்து விரட்டச் சொல்லாதீர்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 104க்குப் போன் செய்தால் தமிழிலேயே ஆலோசனை சொல்வார்கள். 14416 என்ற மத்திய அரசின் மனநல உதவி எண்ணும் உண்டு, இரவிலும் பேசலாம். மருந்து சாப்பிட்டால் செபத்தில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவள் வாயில் வந்துவிட்டால், சும்மா சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேராகவே கேளுங்கள். அன்று இரவு தனியே விடாதீர்கள்.

"இப்படிப் பேசினா கருக்கலைப்ப லேசாக்குற மாதிரி ஆயிடாதா சாமி?" என்று அன்பியத் தலைவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்களிடம் இருக்கும் பதில் ஒன்றுதான். போன ஆண்டு ஓர் இளம்பெண் மூன்றாவது கருவோடு, முதல் இரண்டும் பெண் என்று, அழுதுகொண்டு வந்தாள். நாங்கள் பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அந்தத் தாயைக் கூப்பிட்டோம். இருவரும் ஆலயப் படிக்கட்டில் மாலைவரை உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் மாமியாரைப் பார்க்கவும் அந்தத் தாயே போனார். இந்தக் கிறிஸ்துமஸ் இரவில் அந்த வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள் புதுச்சட்டை போட்டிருந்தார்கள்.

எங்கள் டிசம்பர் 28 மறையுரையில் ஏரோது இன்னும் வருகிறான். ஆனால் அவனைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்றாவது வரிசையைப் பார்க்கிறோம்.

நேயர்களே, இப்போது அரை நிமிடம் அமைதியாக இருப்போம். அதற்கு மேல் போனால் வானொலிப் பெட்டி கெட்டுவிட்டதோ என்று தட்டுவீர்கள். அடுப்படியில் இருப்பவர்கள் அடுப்பைச் சிறிது குறைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் ஓரமாக நிறுத்துங்கள். யார் பெயரும் சொல்ல வேண்டாம்.

நினைப்பாரற்ற ஆன்மாக்களுக்காகவும், அவர்களை நினைத்துக்கொண்டே இருக்கும் தாய் தந்தையருக்காகவும், ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுவோம்.